முதல் நட்சத்திரம் தெரியும்வரை பட்டினி: கிறிஸ்துமஸ் எங்கெங்கே எப்படி?

கேள்வி இது: கேக், மரம், சாண்டா தாத்தா, பரிசுப் பெட்டி என்று சினிமாவில் பார்க்கும் கிறிஸ்துமஸ்தான் எல்லா நாட்டிலுமா? மற்ற மக்கள் மரபாக எப்படிக் கொண்டாடுகிறார்கள்? எல்லோருக்கும் டிசம்பர் 25தானா?

நாளே ஒன்றில்லை. சாப்பாடும் ஒன்றில்லை, பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டு வருபவரும் ஒருவரில்லை. இவ்வளவு வேறுபாடு இருந்தாலும், பழைய மரபுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் அடியில் ஒரே அமைப்பு தெரியும். முதலில் நோன்பு, அப்புறம் இரவு முழுக்கக் காத்திருப்பு, அதற்கு அப்புறம்தான் விருந்து. நாம் திரையில் பார்க்கும் கிறிஸ்துமஸில் விருந்து மட்டும் மிஞ்சி, முன்னால் இருந்த இரண்டும் உதிர்ந்துவிட்டன. ஒரு நாட்டின் கிறிஸ்துமஸைப் புரிந்துகொள்ள வேண்டுமா? திருநாளுக்கு முந்தைய இரவு அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருகிறார்கள், தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும். நானும் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

தேதிக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ரோமில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கிழக்குப் பகுதிச் சபைகள் அந்தக் காலத்தில் ஜனவரி 6ஐக் கொண்டாடின. பிறப்பும் யோர்தான் நதியில் பெற்ற திருமுழுக்கும் அவர்களுக்கு ஒரே விழா. பின்னால் பெரும்பாலோர் டிசம்பர் 25க்கு மாறினார்கள். ஆர்மீனியத் திருச்சபை மட்டும் மாறாமல் இன்றும் ஜனவரி 6ஐயே வைத்திருக்கிறது.

அப்புறம் 1582இல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். ரஷ்யா, செர்பியா, ஜார்ஜியா போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் வழிபாட்டுக்கு அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டி இப்போது 13 நாள் பின்தங்கி ஓடுகிறது. அவர்களும் டிசம்பர் 25ஐத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த நாள் நம் சுவர்க் காலண்டரில் ஜனவரி 7ஆக வருகிறது. எகிப்தின் காப்டிக் சபைக்கும் எத்தியோப்பியச் சபைக்கும் சொந்த மாதக் கணக்கு உண்டு என்றாலும், அதுவும் இதே ஜனவரி 7இல் வந்து சேர்கிறது. இந்த இடைவெளி நிலையானதில்லை. 19ஆம் நூற்றாண்டில் 12 நாளாக இருந்தது. 2100க்குப் பிறகு 14 நாளாகும். 2101இல் இவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 8ஆம் தேதி வரும்.

இதை ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் பெத்லகேமுக்குப் போக வேண்டும். அங்கே பிறப்புப் பெருங்கோவிலைக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனியர், கத்தோலிக்கர் ஆகிய மூன்று தரப்பும் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 24 இரவு கத்தோலிக்கர், ஒட்டியே இருக்கும் புனித கத்தரீனா ஆலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி நடத்துகிறார்கள். ஜனவரி 6 இரவு ஆர்த்தடாக்ஸ் மக்கள் வருகிறார்கள். எருசலேம் ஆர்மீனியர் தங்கள் ஜனவரி 6ஐயும் பழைய நாட்காட்டிப்படி கணக்கிடுவதால், அவர்களுடைய இரவு ஜனவரி 18. ஆக, கிறிஸ்து பிறந்த ஊரில் நான்கு வாரத்துக்குள் மூன்று கிறிஸ்துமஸ்.

இந்தத் தேதிக்குள் அரசியலும் இருக்கிறது. உக்ரைன் வெகு காலம் ஜனவரி 7ஐக் கொண்டாடிய நாடு. ரஷ்யா 2022இல் முழுப் போராகப் படையெடுத்த பிறகு, மாஸ்கோவின் நாட்காட்டியை விட்டு விலகும் எண்ணம் வலுத்தது. 2023இல் உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் சபை புதிய நாட்காட்டிக்கு மாறியது. அதே ஆண்டு அரசும் சட்டம் இயற்றி விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றியது. பாட்டி காலத்திலிருந்து ஜனவரியில் வைத்த விருந்தை அந்த ஆண்டு பல வீடுகளில் முதன்முறையாக டிசம்பரில் வைத்தார்கள். போர்க் காலத்தில் ஒரு சமூகம் தன் பண்டிகை நாளையே மாற்றிக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை.

சரி, நோன்புக்கு வருவோம். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கிறிஸ்துமஸுக்கு முன் 40 நாள் நோன்பு. எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு 43 நாள். கூடுதலாக உள்ள மூன்று நாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். 10ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் ஆட்சி செய்த கலீஃபா, உங்கள் வேதத்தில் சொன்னபடி மலையை நகர்த்திக் காட்டுங்கள் என்று சவால் விட, மக்கள் மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்ததில் முகத்தம் மலை அசைந்ததாம். அந்த மூன்று நாள் நோன்போடு சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் மரபு. இந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள்.

மேற்கு ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான். புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11க்குப் பிறகு நோன்பு தொடங்கும். ஜெர்மனியில் அன்று வாத்து வறுத்துச் சாப்பிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது; நோன்புக்கு முந்தைய கடைசி விருந்தின் எச்சம் என்று அதைச் சொல்வார்கள். அந்த நோன்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு டிரெஸ்டன் நகரத்தின் ஷ்டோலன் ரொட்டியே சாட்சி. இன்று உலர்பழமும் வெண்ணெயுமாக, மேலே வெள்ளைச் சர்க்கரைத் தூள் தூவி விற்கும் இந்தப் பண்டம், 15ஆம் நூற்றாண்டில் மாவும் தண்ணீரும் எண்ணெயும் சேர்த்துச் சுட்ட வறட்டு ரொட்டியாக இருந்தது. நோன்பில் வெண்ணெய் கூடாது என்பது விதி. அந்தப் பகுதியை ஆண்ட சாக்சனி இளவரசர்கள் ரோமுக்கு எழுதிக் கேட்டு, கடைசியில் 1491இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். அந்த அனுமதிக் கடிதத்தை ‘வெண்ணெய்க் கடிதம்’ என்றே இன்றும் சொல்கிறார்கள். நாம் பணக்காரத் தின்பண்டம் என்று நினைப்பது நோன்பு ரொட்டியாகப் பிறந்தது.

நோன்பின் உச்சம் 24ஆம் தேதி. அதை மிக அழகாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் போலந்து மக்கள் என்பேன். அந்த இரவுக்கு விகிலியா என்று பெயர். பகல் முழுக்க வீட்டில் யாரும் வயிறாரச் சாப்பிடமாட்டார்கள். அங்கே அந்தப் பருவத்தில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பிள்ளைகளை ஜன்னலோரம் நிறுத்தி வானத்தைப் பார்க்கச் சொல்வார்கள். முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் மேசைக்கு வர வேண்டும். மேசையில் வெள்ளை விரிப்பு, அதற்கு அடியில், பிறந்த இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டியின் நினைவாக ஒரு பிடி வைக்கோல். வீட்டில் எத்தனை பேரோ அதற்கு மேல் ஒரு தட்டு கூடுதலாக வைத்திருப்பார்கள். வழி தெரியாமல் யாராவது கதவைத் தட்டினால் அந்த இடம் அவருக்கு. அந்த ஆண்டு இறந்துபோன வீட்டாருக்கு என்று சொல்பவர்களும் உண்டு.

உட்கார்ந்ததும் யாரும் கரண்டியை எடுப்பதில்லை. ஒப்வாத்தெக் என்னும் மெல்லிய, புளிக்காத அப்பத் தகடு ஆளுக்கு ஒன்று கையில் இருக்கும். அதில் பிறப்புக் காட்சி அச்சாகப் பதிந்திருக்கும். ஒருவர் தகட்டில் மற்றவர் ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, அவருக்கு என்ன நல்லது நடக்க வேண்டும் என்று முகம் பார்த்துச் சொல்வார். இதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரோடும் செய்ய வேண்டும். ஆண்டு முழுக்கப் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் அந்த நேரத்தில் எதிரெதிரே நின்றே ஆக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தகட்டைக் கடித உறையில் வைத்துத் தபாலில் அனுப்புவார்கள். கிராமங்களில் ஆடு மாடுகளுக்கென்று வண்ணம் சேர்த்த தகடு உண்டு. அந்த நள்ளிரவில் விலங்குகள் மனிதர் மொழி பேசும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அதற்குப் பிறகு 12 பதார்த்தங்கள், அப்போஸ்தலர் 12 பேர் கணக்கில். ஒன்றிலும் இறைச்சி கிடையாது. காளான் அடைத்த சின்னக் கொழுக்கட்டைகள் மிதக்கும் பீட்ரூட் சூப், கெண்டை மீன், ஹெர்ரிங் மீன், பட்டாணி சேர்த்த முட்டைக்கோஸ், கசகசா இனிப்பு, உலர்பழம் கொதிக்கவைத்த பானம் என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் ஒரு வாயாவது ருசி பார்க்க வேண்டும். 24ஆம் தேதி இறைச்சி கூடாது என்ற விதியைச் சபை இப்போது கட்டாயமாக்குவதில்லை. ஆனாலும் கோவிலுக்கே போகாத குடும்பங்கள்கூட அன்று இறைச்சி சமைப்பதில்லை. விதி போய்ப் பழக்கம் நின்றுவிட்டது. சாப்பிட்டு முடித்து நள்ளிரவுத் திருப்பலிக்குப் பனியில் நடந்து போவார்கள்.

பக்கத்து உக்ரைனிலும் 12 பதார்த்தம், முதல் நட்சத்திரம் எல்லாம் உண்டு. அங்கே முதலில் வாயில் வைக்க வேண்டியது குத்யா. முழுக் கோதுமையை வேகவைத்து, அரைத்த கசகசா, தேன் சேர்த்துச் செய்வது. அறுவடையில் எடுத்து வைத்த ஒரு தானியக் கட்டை வீட்டின் மூலையில் நிறுத்துவார்கள். முன்னோர்களின் ஆவி பண்டிகை முடியும்வரை அதில் தங்கியிருக்கும் என்பது ஐதீகம். இரவு மேசையைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல், இறந்தவர்களுக்காகக் குத்யாவையும் கரண்டிகளையும் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கும் வீடுகளும் உண்டு. கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய உழவர் சடங்குகள் இங்கே விவிலியக் கதையோடு ஒட்டி ஒன்றாகிவிட்டன. இந்த ஒட்டுதலைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மண்ணில் வேலை செய்கிறவர்கள் ஒரு பண்டிகையைத் தங்களுடையதாக ஏற்றுக்கொள்வது இப்படித்தான்.

செக் நாட்டில் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவைப்பார்கள்: பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சாயங்காலம் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும். அங்கும் இரவில் கெண்டை மீன்தான். தென் பொஹீமியாவில் நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய பெரிய குளங்களில் வளர்த்த மீனைப் பண்டிகைக்குச் சில நாள் முன்பு தெருவோரத் தொட்டிகளில் உயிரோடு விற்பார்கள். அதன் செதில் ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கப் பணம் தங்குமாம்.

தெற்கே போனால் கடல் மீன். நேப்பிள்ஸில் 24ஆம் தேதி விலாங்கு, உப்பிட்ட காட் மீன், சிப்பி போட்ட ஸ்பகெட்டி. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் இதை ‘ஏழு மீன் விருந்து’ என்று ஒரு கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். இத்தாலியில் எல்லா ஊரிலும் ஏழு என்ற கணக்கு கிடையாது. வடக்கே ஸ்வீடனிலும் நார்வேயிலும் காரக் (அல்கலி) கரைசலில் ஊறவைத்த காட் மீன் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் இருக்கிறது. ஐஸ்லாந்தில் டிசம்பர் 23 அன்று நொதிக்கவைத்த திருக்கை மீன். அதன் நெடி தெருவுக்கே வரும். இந்த நாடுகள் கத்தோலிக்கத்தை விட்டு லூத்தரன் சபைக்கு மாறி 400 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நோன்புச் சட்டம் போய்விட்டது. நோன்பு நாளில் சாப்பிட்ட மீன் மட்டும் போகவில்லை.

பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே டிசம்பர் 4ஆம் தேதி, புனித பார்பரா திருநாளில், சின்னத் தட்டுகளில் ஈரத் துணியோ பஞ்சோ வைத்துக் கோதுமை விதைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது பச்சையாக எழும்பி நிற்கும். நன்றாக வளர்ந்தால் வரும் ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்று கணக்கு. நம் ஊர் முளைப்பாரியைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். 24 இரவு மேசையில் மூன்று வெள்ளை விரிப்பு, மூன்று மெழுகுவத்தி, நடுவில் இந்தக் கோதுமை. இறைச்சி இல்லாத சாப்பாடு முடிந்ததும் 13 இனிப்புகள். இயேசுவும் அவருடைய சீடர் 12 பேரும் என்பது அந்த எண். பெரிய பலகாரங்கள் என்று நினைக்க வேண்டாம். பாதாம், உலர் அத்தி, திராட்சை, பேரீச்சை, நூகா மிட்டாய், எண்ணெய் ரொட்டி என்று அந்த நிலத்திலும் பக்கத்துத் துறைமுகத்திலும் கிடைப்பவை. திருப்பலிக்குப் போய் வந்தும் சாப்பிடலாம் என்று மூன்று நாள் மேசையிலேயே வைத்திருப்பார்கள்.

எத்தியோப்பியாவில் இந்த அமைப்பை முழு உருவத்தில் பார்க்கலாம். அங்கே கிறிஸ்துமஸுக்குப் பெயர் கன்னா. ‘தீர்க்கதரிசிகளின் நோன்பு’ 43 நாள். பருப்பு, கீரை, காய்கறி மட்டும். கடைசி இரவு எல்லோரும் வெள்ளைப் பருத்தி மேலாடை போர்த்திக்கொண்டு கோவிலுக்குப் போவார்கள். பெருமுரசும் கையில் குலுக்கும் உலோகக் கிலுக்கும் முழங்க, குருக்கள் நீண்ட தடிகளோடு அடியெடுத்து ஆடிப் பாடுவார்கள். வழிபாடு இரவைக் கடந்து போகும். பலர் நின்றுகொண்டே இருப்பார்கள். சாய்ந்துகொள்ள ஊன்றுகோல் வைத்திருப்பார்கள்.

இதன் உச்சம் லாலிபெலா. ஒரே பாறையைக் கீழ்நோக்கிக் குடைந்து வடித்த 11 கோவில்கள் உள்ள மலையூர் அது. 1978இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இடம் பெற்றது. பக்தர்கள் பல நாள் கால்நடையாக நடந்து வருவார்கள். ஜனவரி 7 காலை, மரியாள் கோவிலைச் சுற்றியுள்ள பாறைச் சுவரின் விளிம்பில் ஒரு வரிசைக் குருக்கள், கீழே முற்றத்தில் இன்னொரு வரிசை. மேலிருப்பவர்கள் வானவர், கீழிருப்பவர்கள் பூமியின் மக்கள். ‘உலகுக்கெல்லாம் மீட்பு’ என்று பொருள்படும் பாட்டை மாறி மாறிப் பாடி ஆடுவார்கள். கோவில்களை எழுப்பிய லாலிபெலா மன்னரின் பிறந்தநாளும் அதுவே என்பது அந்த ஊர் மரபு.

அப்புறம்தான் வீட்டில் நோன்பு திறப்பு. இன்ஜெரா என்னும், தெஃப் தானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட அப்பத்தின் மேல் கோழிக் குழம்பு. சின்ன வெங்காயத்தைப் பொறுமையாக நீண்ட நேரம் வதக்கி, மிளகாய் மசாலாவும் மணமூட்டிய நெய்யும் சேர்த்து, அவித்த முட்டையை முழுசாகப் போட்டுச் செய்வார்கள். 43 நாள் விலக்கி வைத்த கோழி, முட்டை, நெய் மூன்றும் ஒரே சட்டியில் திரும்பி வருகின்றன. சாயங்காலம் ஆண்கள் வளைந்த கழியால் மரப்பந்தை அடித்து ஆடுவார்கள்; அந்த ஆட்டத்துக்கும் பெயர் கன்னாதான். நற்செய்தி கேட்ட இடையர்கள் மகிழ்ச்சியில் தங்கள் கோலால் பந்தடித்தார்கள் என்று அதற்குக் கதை சொல்வார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இந்த நோன்பு இருக்கிறது. கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1இலிருந்து ‘இருபத்தைந்து நோன்பு’ இருக்கிறார்கள். மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வராது. கிறிஸ்துமஸ் இரவில் கோவில் முற்றத்தில் சிலுவை வடிவில் குழி எடுத்துத் தீ மூட்டுவார்கள். முந்தைய குருத்தோலை ஞாயிறன்று வாங்கிப் பத்திரப்படுத்திய ஓலைகள் காய்ந்து போயிருக்கும். அவற்றை அந்தத் தீயில் போடுவார்கள். ஊர்வலமாகச் சுற்றி வந்து குந்திரிக்கம் இடுவார்கள். இரவுக் காவலில் குளிர் காய்ந்த இடையர்களின் தீ அது. இதே தீயை ஈராக்கின் கிறிஸ்தவர்களிடமும் பார்க்கலாம். வீட்டு முற்றத்திலோ கோவில் வாசலிலோ முள்ளைக் குவித்து, ஒரு பிள்ளை பிறப்புக் கதையை வாசித்த பின் கொளுத்துவார்கள். சிரியாக் மொழி வழிபாடு மெசபடோமியாவிலிருந்து கடல் வழியாக மலபாருக்கு வந்தது. அந்த உறவின் தடம் இது. மறுநாள் காலை கேரளத்தில் பாலப்பமும் இறைச்சி ஸ்டூவும், ஈராக்கில் பேரீச்சை அடைத்த கிலீச்சா. இரண்டு ஊரிலும் நோன்பு ஒரே தீயோடு முடிகிறது.

ஸ்பானியர் ஆண்ட நாடுகளில் காத்திருப்பு ஒன்பது நாளாக நீண்டது. பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் 24 வரை விடியலுக்கு முன்பே திருப்பலி. சில ஊர்களில் மூன்று மணிக்கே மணி அடித்துவிடும். வெயிலுக்கு முன் வயலுக்குப் போக வேண்டிய உழவர்களுக்காக அந்த நேரம் வைத்தார்கள். ஒன்பது நாளும் தவறாமல் போனால் மனதில் வைத்த வேண்டுதல் நிறைவேறும் என்பது நம்பிக்கை. வெளியே வந்தால் கோவில் வாசலில் மண் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும். மூங்கில் குழலில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலும் வெல்லமும் வைத்துத் தரும் ஊதா அரிசிப் பண்டம் புத்தோ பும்போங். வாழையிலையில் மாவூற்றி மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவது பிபிங்கா. கூடவே சூடாக இஞ்சித் தண்ணீர். அரைத் தூக்கத்தில் எழுந்து வந்த பிள்ளைகளுக்கு இந்த மணம்தான் கிறிஸ்துமஸ். வீட்டு வாசலில் மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய நட்சத்திர விளக்கு தொங்கும். 24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகே குடும்பம் விருந்துக்கு உட்காரும்.

மெக்சிகோவிலும் அதே ஒன்பது நாள், ஆனால் இரவில், தெருவில். யோசேப்பும் மரியாளும் தங்க இடம் தேடி அலைந்ததைத் தெருவே நடித்துக் காட்டுகிறது. ஒரு கூட்டம் மெழுகுவத்தியோடு வாசலில் நின்று இடம் கேட்டுப் பாடும். உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாடுவார்கள். அடுத்த வீட்டிலும் மறுப்பு. கடைசி வீட்டில் அடையாளம் தெரிந்து கதவு திறக்கும், எல்லோரும் உள்ளே போவார்கள். கரும்பும் கொய்யாவும் பட்டையும் போட்டுக் கொதிக்கும் சூடான பழப் பானம் கிடைக்கும். ஏழு முனை கொண்ட பினாட்டா என்னும் தொங்கும் பானையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழியால் அடித்து உடைப்பார்கள். ஏழு முனையும் ஏழு பெரும் பாவங்கள், உள்ளிருந்து கொட்டும் பழமும் மிட்டாயும் அருள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு 16ஆம் நூற்றாண்டில் துறவிகள் பாடம் சொல்ல உருவாக்கியது, தெருப் பிள்ளைகளின் கொண்டாட்டமாகிவிட்டது.

அப்படியானால் அந்த சினிமா கிறிஸ்துமஸ் எங்கிருந்து வந்தது? புரொட்டஸ்டன்ட் சபைகள் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் நோன்பை எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் பியூரிட்டன் என்னும் தூய்மைவாதிகள் ஒரு படி மேலே போய் 1647இல் பண்டிகையையே பாராளுமன்ற ஆணையால் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான். இப்படி வெறுமையாகக் கிடந்த இடத்தில்தான் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து குடும்பப் பண்டிகை ஒன்றை எழுப்பியது. 1843இல் லண்டனில் முதல் வாழ்த்து அட்டை அச்சானது. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் ஜெர்மன் வழக்கப்படி மரத்தைச் சுற்றி நிற்கும் படம் பத்திரிகையில் வந்தபின் மரம் வீடு வீடாகப் பரவியது. பேரரசோடும் பிறகு அமெரிக்கக் கடைத்தெருவோடும் அதுவே உலகம் சுற்றியது. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே இருக்கும் ஜப்பானில், 1974இல் ஒரு கோழி உணவு நிறுவனம் செய்த விளம்பரத்தால் வறுத்த கோழி கிறிஸ்துமஸ் சாப்பாடானது.

தமிழ்நாட்டில் இந்த அடுக்குகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கத்தோலிக்கரின் குடிலும் நள்ளிரவுத் திருப்பலியும் போர்ச்சுகீசியர், இயேசு சபையார் வழி வந்தவை. சீர்திருத்த சபைகளின் அதிகாலை ஆராதனையும் டிசம்பர் இரவுகளின் கேரல் ரவுண்ட்ஸும் ஜெர்மன், ஆங்கில மிஷனரிகள் வழி. பலகாரம் மட்டும் நம்முடையது. நாகர்கோவில் பக்கம் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை, அதுவும் பக்கத்து வீட்டுக்குத் தட்டில் போகாமல் இல்லவே இல்லை. இலங்கையின் நத்தார் கேக்கில் மைதாவுக்குப் பதில் ரவை, கூடவே முந்திரி, பூசணிப் பாகு, பன்னீர்.

பரிசுக்காரர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் டிசம்பர் 5 இரவு புனித நிக்கோலாஸ். இன்றைய துருக்கியில் மீரா நகர ஆயராக இருந்தவர், சாண்டாவின் மூலம் அவரே. ஜெர்மனியின் பல பகுதிகளில் 24 மாலை குழந்தை கிறிஸ்து. ஐஸ்லாந்தில் டிசம்பர் 12 முதல் இரவுக்கு ஒருவராக 13 மலைக் குறும்பர்கள். ஜன்னலில் வைத்த காலணியில் நல்ல பிள்ளைக்குப் பரிசு, அடம்பிடித்த பிள்ளைக்கு உருளைக்கிழங்கு. கிரேக்கத்தில் ஜனவரி 1 அன்று புனித பசிலியோஸ். ஸ்பெயினில் ஜனவரி 5 இரவு, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் ஊர்வலமாக வருகிறார்கள். இத்தாலியில் ஜனவரி 6 விடியலில் துடைப்பத்தில் பறந்து வரும் பெஃபானா கிழவி.

எப்போது முடிகிறது என்பதும் இடத்துக்கு இடம் வேறு. ஸ்வீடனில் ஜனவரி 13 அன்று மரத்திலிருந்த மிட்டாய்களைப் பிள்ளைகள் பறித்துத் தின்ற பின் மரம் வெளியே போகும். போலந்தில் பிப்ரவரி 2, இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கிய திருநாள் வரைக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடலாம். மெக்சிகோவில் ஜனவரி 6 அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் குட்டிக் குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று அங்கிருந்த எல்லோருக்கும் தமாலே என்னும் மக்காச்சோள மாவுப் பண்டம் செய்து போட வேண்டும்.